தொடர்மாடியில் ஒரு குடம் நீர்

1963 ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதத்தின் பிற்பகுதியிலே சிங்கப்பூர் நகரத்துக் குழாய்கள் வறண்டன. மழை பொய்த்தமையால் நீர்த்தேக்கங்களின் மட்டம் தாழ்ந்துவிட்டது; அரசாங்கம் பங்கீட்டு முறையில் நீர் வழங்கத் தலைப்பட்டது. குறித்த நாட்களிற் குறித்த மணிநேரங்களுக்குக் குழாயைத் திருகினால் காற்றின் சீறலன்றி வேறொன்றும் வராது. வாளி, தகரம், அண்டா, குழந்தையைக் குளிப்பாட்டும் தொட்டி எனக் கையில் அகப்பட்ட கலங்களிலெல்லாம் நீரை நிரப்பி வைத்துக்கொண்டு மக்கள் காலங்கழித்தனர். ஏறத்தாழப் பத்து மாதங்கள், 1964 பெப்ருவரி முடியும்வரை, இந்நிலை நீடித்தது.

நாற்புறமும் கடல் சூழ்ந்த தீவு அது. ஆண்டொன்றுக்கு 2,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் ஊர். ஆயினும் அங்கே குடிநீருக்குப் பஞ்சம் வந்தது. காரணம் எளிது. தீவு சிறிது, பெய்த மழை விரைந்து கடலைச் சேர்ந்துவிடும், தேக்கி வைக்க இடமில்லை. ஆகவே அந்நகரம் நெடுங்காலமாக வடக்கேயுள்ள ஜொகூர் மாநிலத்து நீரையே நம்பி வாழ்ந்தது. 1961 இலும் 1962 இலும் இதற்கென இரண்டு ஒப்பந்தங்கள் கைச்சாத்தாயின. இரண்டாவதன்படி ஜொகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 250 மில்லியன் கலன் நீர் எடுத்துக்கொள்ளலாம். ஆயிரம் கலனுக்கு 3 சென் விலை. 1961 ஆம் ஆண்டு ஒப்பந்தம் 2011 இல் முடிந்துவிட்டது. மற்றது முடியும் ஆண்டு 2061. 1965 ஓகஸ்டில் சிங்கப்பூர் மலேசியாவை விட்டுப் பிரிந்தபோது, நேற்றுவரை அயல் மாநிலத்து நீராயிருந்தது ஒரே நாளில் அயல்நாட்டு நீராயிற்று. அதன்பின் துளிகளை எண்ணுவது அந்நாட்டில் இல்லத்தரசியின் வேலையாக மட்டும் இருக்கவில்லை. அரசின் வேலையாகவும் ஆயிற்று.

இதே ஆண்டுகளில்தான் மற்றொரு பெரும் பணியும் அங்கு நடைபெற்றது. 1960 பெப்ருவரியில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் நிறுவப்பட்டது. அடுத்த ஆண்டு மே மாதம் 25 ஆந் திகதி புக்கிட் ஹோ சுவீ என்னும் குடிசைப்பகுதி தீக்கிரையாகி, ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தனர். ஓலையும் பலகையும் தகரமுமாய் நெருங்கிக் கிடந்த அவ்விடத்திலே சில ஆண்டுகளுக்குள் மாடிவீடுகள் எழுந்தன. கழகத்தின் முதல் ஐந்தாண்டுகளுக்குள் தீவு முழுவதிலும் 50,000 இற்கு மேற்பட்ட வீடுகள் கட்டி முடிக்கப்பட்டன. இன்று அத்தகைய வீடுகள் பத்து இலட்சத்தைத் தாண்டிவிட்டன. அந்நாட்டுக் குடிமக்களில் ஐவரில் நால்வர் அளவினர் அவற்றிலேயே வாழ்கின்றனர். தமிழரும் சீனரும் மலாயரும் ஒரே படிக்கட்டில் ஏறியிறங்கும் வீடுகள் அவை.

வீடு கொடுத்தமையைப் பலரும் புகழ்ந்து எழுதியுள்ளனர். வீட்டோடு கூடிவந்த ஒரு சிக்கலை அவ்வளவாக எவரும் எழுதுவதில்லை. குடிசைப்பகுதியில் வாழ்ந்தவள் பொதுக்குழாயடியில் வரிசையில் நின்று, நிரம்பிய தகரத்தை இடுப்பிலோ காவடியிலோ சுமந்து சென்றவள். சுமந்த நீரை எவரும் வீணாக்குவதில்லை. அரிசி கழுவிய நீர் செடிக்குப் போகும். துணி அலசிய நீர் தரை கழுவப் போகும். அதே பெண் ஒன்பதாம் மாடியில் ஒரு வீட்டுக்குக் குடிபோகிறாள். கைப்பிடியைத் திருப்பினால் நீர். சங்கிலியை இழுத்தால் மலசலகூடம் தானே கழுவிக்கொள்கிறது. பொத்தானை அழுத்தினால் விளக்கு. தோளின் பாரம் இறங்கியது. அதனுடன் நீரின் அருமையை நாள்தோறும் நினைவூட்டிய ஆசிரியனும் விடைபெற்றுக்கொண்டான். நீர்ப்பஞ்சத்துக்கு அஞ்சும் ஓர் அரசு, தன் மக்களிற் பெரும்பாலோரை நீரை அள்ளியிறைக்க வசதியான வீடுகளிலே தானே குடியேற்றிக்கொண்டிருந்தது.

இங்கே அமெரிக்க நாட்டுப் பொது வீடமைப்பைச் சற்று ஒப்புநோக்குதல் பயன்தரும். நியூயோர்க் நகரத்து வீடமைப்பு அதிகாரசபையின் கட்டடங்கள் பெரும்பாலானவற்றில் வீட்டுக்கு வீடு தனித்தனி மானி கிடையாது. கட்டடம் முழுவதற்கும் ஒன்றே. நீருக்கும் வெப்பத்துக்குமான செலவு வாடகையிலே அடங்கிவிடும். ஏழைக் குடித்தனத்துக்கு இது பெரும் பாதுகாப்பு என்பதில் ஐயமில்லை. குளிர்காலத்தில் மின்கட்டணத்துக்கு அஞ்சி எவரும் நடுங்க வேண்டியதில்லை. ஆனால் விளைவு யாது? பழைய நீராவிக் குழாய்கள் அறையை அளவுக்குமேற் சூடாக்கும்போது வெப்பத்தைத் தணிக்கும் திருகு குடியிருப்பவர் கையில் இல்லாமையால், உறைபனிக் காலத்திலும் அவர்கள் சன்னலைத் திறந்து வைக்கின்றனர். சொட்டும் குழாயைத் திருத்துவதனாற் குடியிருப்பவருக்கு இலாபமில்லை. திருத்திச் சேமித்தால் அடுத்த ஆண்டு மானியத்தில் அத்தொகை குறைந்துவிடுமாதலால் நீண்டகாலம் அதிகாரசபைகளுக்கும் இலாபமில்லை. இம்முடிச்சை அவிழ்க்க 1987 ஆம் ஆண்டு வீடமைப்புச் சட்டத்தில் அமெரிக்கக் காங்கிரஸ் இடம்வைத்தது. சிக்கன வேலைக்குக் கடன்பட்ட அதிகாரசபை, சேமித்த பணத்தைக்கொண்டே அக்கடனைத் தீர்த்துக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். செலவு செய்பவர் ஒருவர், பணங்கொடுப்பவர் இன்னொருவர், பழுதுபார்க்க வேண்டியவர் மூன்றாமவர் என்றிருக்கும் வீட்டில் சிக்கனம் யாருடைய பிள்ளை? அது திண்ணையிற் கிடக்கும் அநாதையே.

சிங்கப்பூரில் முடிச்சு வேறுவிதமாக அவிழ்க்கப்பட்டது. ஒவ்வொரு வீட்டுக்கும் நீர்மானியும் மின்மானியும் தனித்தனி. வாடகை வீடாயினும் நீருக்கும் மின்சாரத்துக்கும் குடியிருப்பவரே பணங்கட்ட வேண்டும். நடைபாதை விளக்கு, மின்தூக்கி, கூரைத் தொட்டிக்கு நீரேற்றும் இயந்திரம் ஆகிய பொதுச் செலவுகளை நகர மன்றங்கள் பார்த்துக்கொள்கின்றன. அவை 1988 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்குவன. குடியிருப்பாளரிடம் மாதாந்தம் பராமரிப்புக் கட்டணம் பெறுவன. பொறுப்பு இன்னாருடையதென்பது தெளிவு. அந்தத் தெளிவுக்குரிய விலையை ஏழைக் குடித்தனம் கட்டணச் சீட்டில் மாதந்தோறும் கண்டுகொள்கிறது என்பதையும் மறத்தலாகாது.

மானி வைத்தால் மட்டும் நீர் மிஞ்சிவிடுமா? மிஞ்சவில்லை. நீர் அரியது என்று 1971 இல் ஒரு பிரசாரம் தொடங்கினர். சுவரொட்டி, பாடசாலைப் பேச்சு, வானொலி அறிவிப்பு எல்லாம் நடந்தன. அதன்பின்னும் பல பிரசாரங்கள் வந்துபோயின. பிரசாரம் நடக்கும்போது மக்கள் கைப்பிடியை இறுக மூடுகின்றனர். சுவரொட்டி கிழிந்ததும் பழைய கை பழைய வழக்கத்துக்கு மீள்கிறது. உபதேசத்திலே நமக்குள்ள நம்பிக்கை பெரிது. உபதேசத்துக்கு மனிதன் காட்டும் மறதி அதனினும் பெரிது. ஆசிரியத் தொழில் செய்வோர் இதனை மறுக்கமாட்டார்கள்.

மாற்றம் வந்தது சுவரிலிருந்தன்று, மலசலகூடத்திலிருந்து. இலக்கியப் பக்கத்தில் இச்சொல்லைக் கண்டு முகஞ்சுளிக்கும் அன்பர்கள் சற்றுப் பொறுத்தருள்க. வீட்டிற் செலவாகும் நீரில் ஒரு பெரும்பங்கு அங்கேதான் போகிறது. பழைய தொட்டிகள் ஒருமுறை கழுவ 9 லீற்றர் நீரைக் கொட்டுவன. தொண்ணூறுகளிற் கட்டப்பட்ட புதிய வீடுகளில் 3.5 முதல் 4.5 லீற்றரில் அதே வேலையைச் செய்யும் சிறுதொட்டிகள் பொருத்தப்பட்டன. 1997 முதல் புதுக் கட்டடங்கள் அனைத்துக்கும் அது கட்டாயமாயிற்று. 2009 முதல், சிறு தேவைக்கு ஒன்று பெருந்தேவைக்கு ஒன்று என இரண்டு பொத்தானுள்ள தொட்டியே பொருத்தப்படல் வேண்டும் என விதித்தனர்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நால்வர் வாழும் வீடு. ஆளுக்கு நாளைக்கு ஐந்துமுறை. ஒருமுறைக்கு 5 லீற்றர் மிச்சமாயின் நாளொன்றுக்கு 100 லீற்றர், ஆண்டுக்கு 36 கன மீற்றருக்கு மேல். இதற்காக அவ்வீட்டார் எதையும் நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை. எதையும் தியாகஞ் செய்யவும் வேண்டியதில்லை. விருந்தாளி வந்தாலும் தொட்டி சிக்கனமாகவே நடந்துகொள்ளும்! குழாயின் வாயிற் செருகும் விரலளவான சிறு வில்லையும் அத்தகையதே. 2003 ஆம் ஆண்டு முதல் பொதுப் பயனீட்டுக் கழகம் அதனை வீடுகளுக்கு இலவசமாக வழங்கியது. நீரின் வேகத்தைத் தணிப்பதன்றி அது வேறொன்றும் செய்வதில்லை. பாத்திரம் முன்போலவே கழுவப்படுகிறது. மானி மட்டும் மெல்ல ஓடுகிறது. குழாய், தொட்டி ஆகியவற்றுக்குச் சிக்கனத் தரம் குறிக்கும் சீட்டொட்டும் முறை 2006 இல் விருப்பத்தின் பேரில் தொடங்கி 2009 இற் கட்டாயமாயிற்று. கடையிலே கெட்ட குழாயே கிடைக்காதவிடத்து, நல்ல குழாயைத் தெரிவுசெய்யும் அறிவு எல்லோருக்கும் வேண்டியதில்லை.

பலன் புள்ளிகளிலே தெரிகிறது. 2003 இல் ஓராளுக்கு நாளொன்றுக்கு 165 லீற்றராயிருந்த வீட்டு நீர்ப்பாவனை, 2016 இல் 148 ஆகவும் 2019 இல் 141 ஆகவும் இறங்கியது. 2020 இல், தொற்றுநோய்க் காலத்தில் மக்கள் வீட்டினுள்ளே அடைபட்டபோது 154 ஆக ஏறிற்று. இதனைக் குறையென்று கொள்ள வேண்டியதில்லை; அலுவலகத்திலும் பாடசாலையிலும் கழுவிய கையை வீட்டிற் கழுவினார்கள், அவ்வளவே. 2023 இல் மீண்டும் 141. 2030 இல் 130 லீற்றருக்கு இறக்குவது அந்நாட்டின் குறி. 141 இலிருந்து 130 இற்கு இறங்குவது, 165 இலிருந்து 141 இற்கு இறங்கியதினுங் கடினமாயிருக்கும் என்பதே நமது எண்ணம். எளிதிற் பறிக்கக்கூடிய காய்கள் பறிக்கப்பட்டுவிட்டன.

விலையைப் பற்றிச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 1991 இல் நீர்ப் பாதுகாப்பு வரி புகுத்தப்பட்டது. நீர் இறைக்குஞ் செலவை மட்டுமன்றி, அதன் அருமையையும் விலையிற் காட்டவேண்டும் என்பது அதன் கருத்து. 2017 இல், அடுத்த ஆண்டுக்குள் நீரின் விலை 30 வீதம் உயரும் என அறிவிக்கப்பட்டபோது மக்கள் முணுமுணுத்தனர். ஹொங் லிம் பூங்காவில் ஓர் எதிர்ப்புக் கூட்டமும் நடைபெற்றது. அந்நாட்டிலே அத்தகைய கூட்டங்கள் அரியவை. 2024 இலும் 2025 இலும் விலை மேலும் உயர்ந்து, மாதத்துக்கு 40 கன மீற்றருக்கு உட்பட்ட பாவனைக்குக் கன மீற்றர் ஒன்று 3.24 டொலராயிற்று. அங்குள்ள தமிழர் டொலரை வெள்ளி என்பர். இங்கே வெள்ளி உருகி நீரானது போலும்.

நீர் மிகுதியாகச் செலவிடுவோன் மிகுதியாகக் கொடுக்கட்டும் என்பது கேட்க நியாயமாகவே இருக்கிறது. ஆயினும் நீர் ஏனைய பண்டங்களைப் போன்றதன்று. செல்வன் நீந்தவும் ஏழை குளிக்கவும் ஒரே விலை என்றால், விலை ஏழையின் வாளியைத்தான் முதலிற் சுருக்கும். இதனை அரசும் உணர்ந்தே, வீடமைப்புக் கழக வீடுகளுக்குக் கட்டணச் சலுகை வழங்குகிறது; வீடு சிறிதாகச் சலுகை பெரிதாகும். 2017 ஆம் ஆண்டு விலையேற்றத்தின்போது, ஓரறை ஈரறை வீடுகளுக்குச் சராசரியாக மேலதிகச் செலவு ஏற்படாதவாறு சலுகை உயர்த்தப்படும் என்று கூறினர். சராசரி என்பது ஒரு வழுக்குப்பாறை. மூன்று தலைமுறை ஒன்றாக வாழும் வீட்டையும் தனியே வாழும் முதியவரையும் ஒன்றாகக் கூட்டிப் பிரித்து எடுத்த எண் அது. ஆயினும் 40 கன மீற்றர் என்ற எல்லை ஓரளவு தாராளமாகவே வகுக்கப்பட்டிருக்கிறது. ஆளுக்கு 141 லீற்றர் வீதம் ஒன்பது பேர் வாழும் வீடும் அதனைத் தாண்டாது. எல்லையை வகுத்தவர் கூட்டுக்குடும்பத்தை மனத்திற் கொண்டிருத்தல் வேண்டும்.

இதுவரை நீரைப் பற்றியே பேசினோம். மின்சாரத்தை விட்டு நீரைப் பேச முடியாது. தாழ்ந்த மாடிகளுக்கு வீதிக்குழாயின் அழுத்தமே போதும். உயர்ந்த மாடிகளுக்கு நீரை முதலிற் கூரைத் தொட்டிக்கு ஏற்றிப் பின்னர் இறக்கவேண்டும். ஆதலால் மேல்மாடியில் ஒழுகும் ஒவ்வொரு சொட்டும் மின்சாரத்தையுங் கொண்டே ஒழுகுகிறது என்று சிலர் எச்சரிப்பதுண்டு. உண்மையே. ஆனால் எவ்வளவு? 1,000 லீற்றர் நீரை 40 மீற்றர் உயரத்துக்கு ஏற்ற, இயந்திரத்தின் விரயத்தையுஞ் சேர்த்து, ஓரலகு மின்சாரத்தில் ஐந்திலொரு பங்கு போதும். அதே 1,000 லீற்றரை 15 பாகை மட்டும் சூடாக்கிப் பாருங்கள்: 17 அலகுக்கு மேல் வேண்டும்! ஏற்றுவதிலும் சூடாக்குவது எண்பது மடங்குக்கு மேற்பட்ட செலவு. நமது கண் உயரத்தைக் கண்டு மயங்குகிறது. மின்மானி வெந்நீரைக் கண்டே விரைகிறது. உயர்தர வகுப்பிற் பௌதிகம் பயிலும் மாணவர் இக்கணக்கைத் தாமே செய்து பார்க்கலாம்.

எனவே குளியலறையே நீரும் மின்சாரமும் சந்திக்கும் இடம். பத்து நிமிடம் வெந்நீர்த்தூவலில் நிற்பவன் எழுபது லீற்றர் நீரோடு ஓரலகுக்கு மேற்பட்ட மின்சாரத்தையும் வடிகாலில் விடுகிறான். அந்த வெப்ப நாட்டிலே வெந்நீர் எதற்கு என்று கேட்கலாம். நாள் முழுதும் உழைத்து இரவில் வீடுதிரும்புபவனுக்கும் மூட்டுநோவுள்ள மூதாட்டிக்கும் அதன் விடை தெரியும். ஐந்து நிமிடத்துக்குள் குளித்து முடியுங்கள் என்று அரசு நெடுங்காலமாகச் சொல்லிவந்தது. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து நடத்திய ஆய்வில், எத்தனை லீற்றர் செலவாகிறது என்பதைக் குளிக்கும்போதே காட்டும் சிறு கருவியைத் தூவலிற் பொருத்திப் பார்த்தனர். ஓராளுக்கு நாளொன்றுக்கு 5 லீற்றர்வரை மிஞ்சக்கூடும் என்று கண்டு, புதிதாகக் கட்டிய பல்லாயிரம் வீடுகளில் அதனைப் பொருத்தத் தொடங்கினர். மாத இறுதியில் வரும் கட்டணச் சீட்டு முடிந்துபோன செயலுக்கு எழுதிய தீர்ப்பு; குளிக்கும்போது ஒளிரும் எண்ணோ நடந்துகொண்டிருக்கும் செயலின் காதில் ஓதும் சொல். 2022 முதல் நீர்மானிகளையும் அவ்வாறே, நாள்தோறும் கணக்குச் சொல்லுவனவாக மாற்றி வருகின்றனர். கசிவு தோன்றினால் மாத முடிவுவரை காத்திராமல் அறிந்துகொள்ளலாம்.

மின்சாரத்தின் கதை இவ்வளவு இனிதாக முடியவில்லை.

தொடக்கத்தில் அவ்வீடுகள் மின்சாரத்தை அதிகம் வேண்டாதனவாகவே அமைந்தன. கட்டடத்தின் நீண்ட முகம் இயன்றவரை வடக்கும் தெற்கும் நோக்கும். காலை வெயிலும் மாலை வெயிலும் குறுகிய பக்கச் சுவரிலேயே விழும். ஒருபுறம் நடைபாதை, மறுபுறம் சன்னல். கதவைத் திறந்தால் காற்று ஊடறுத்துச் செல்லும். நிலத்தளம் சுவரின்றித் திறந்திருக்கும். அதில் முதியோர் சதுரங்கம் ஆடுவர், திருமண விருந்தும் நடக்கும், இழவு வீட்டுப் பந்தலும் அமையும். சமையலறைச் சன்னலுக்கு வெளியே மூங்கிற் கழி செருகுவதற்குத் துளைகள் வைத்தார்கள். துவைத்த துணிகளைக் கழியிற் கோத்து வானில் நீட்டிவிட்டால், கதிரவன் கூலியின்றி உலர்த்தித் தருவான். துணியுலர்த்த மின்யந்திரம் பூட்டிக்கொண்ட செல்வ நாடுகளோடு ஒப்பிட்டால் அம்மூங்கிற் கழியின் பெருமை விளங்கும். அதனைப் பார்வைக்கு அழகற்றது என்று குறைகூறுவாரும் உளர். பத்து மாடிக்கும் பலவண்ணக் கொடிகள் பறப்பதுபோன்ற அக்காட்சி நமக்கு அழகாகவே தோன்றுகிறது.

பின்னர் அவ்வீடுகளுக்குள் குளிரூட்டி புகுந்தது. செல்வம் பெருகியது, பக்கத்துக் கட்டடங்கள் நெருங்கின, வீதியின் இரைச்சலுக்குச் சன்னலை அடைத்தனர். 2017, 2018 ஆம் ஆண்டுகளில் எடுத்த குடித்தனச் செலவுக் கணக்கின்படி ஐந்து வீடுகளில் நான்கில் குளிரூட்டி இருந்தது. வீட்டு மின்செலவில் ஏறத்தாழக் காற்பங்கு அதற்கே போயிற்று. இதில் ஒரு கொடுமை உண்டு. குளிரூட்டி அறையின் வெப்பத்தை அழிப்பதில்லை. சன்னலுக்கு வெளியே தள்ளுகிறது. குளிரூட்டி வாங்க வழியில்லாத வீட்டின் சன்னல் வழியே அவ்வெப்பமும் உட்புகக்கூடும். ஓரறை ஈரறை வாடகை வீடுகளிற் பெரும்பாலானவற்றில் மின்விசிறியே துணை. நீர்ச்சிக்கனத்தில் ஒருவர் தொட்டி மற்றவரைத் துன்புறுத்தியதில்லை.

அரசு வாளாவிருந்ததென்று சொல்லுவதற்கில்லை. 2008 முதல் குளிரூட்டிக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் மின்சிக்கனச் சீட்டு கட்டாயமாயிற்று. 2011 முதல் குறைந்த தரமுடையவற்றை விற்கவுந் தடைவிதித்தனர். 2010 இற் கட்டி முடிக்கப்பட்ட பொங்கோல் குடியிருப்பொன்றில் மழைநீரைச் சேர்த்து நடைபாதை கழுவவும், காற்றும் வெயிலும் எவ்வாறு செல்லுமென முன்கூட்டியே ஆராய்ந்து கட்டடங்களை நிறுத்தவும் முயன்றனர். தெங்கா என்னும் புதிய நகரில் வீட்டுக்கு வீடு குளிரூட்டி வைப்பதற்குப் பதிலாகக் கூரையிற் குளிர்வித்த நீரைக் குழாய் வழியே வீடுகளுக்கு அனுப்புகின்றனர். 2023 இல் அங்கே குடியேறத் தொடங்கியவர்களிற் சிலர் குழாயில் நீர் பனித்துச் சொட்டுவதாக முறையிட்டனர். புதிய வழி நேராகச் சிலகாலம் செல்லும்.

கூரைகளின் கதை மேலும் உற்சாகமூட்டுவது. 2008 இல் இரு குடியிருப்புகளிற் சோதனையாகத் தொடங்கிய சூரியத்தகடுகள், 2014 இல் வகுத்த திட்டத்துக்குப்பின் ஆயிரக்கணக்கான கட்டடங்களின் உச்சியிற் பரவின. 2030 இல் 540 மெகாவாற்று என்பது இலக்கு. பகலிலே மின்தூக்கியும் நீரேற்றும் இயந்திரமும் பொது விளக்குகளும் இம்மின்சாரத்தில் இயங்க, மிகுதி நாட்டின் மின்வலையைச் சேர்கிறது. அக்கூரைகளின் மீதும் அவற்றைச் சூழ்ந்த முற்றங்களின் மீதும் விழும் மழையும் வீண்போவதில்லை. தீவின் மூன்றில் இரு பங்கு நிலத்தின் மழைநீர் கால்வாய்கள் வழியே 17 நீர்த்தேக்கங்களுக்குச் செல்கிறது. அன்று இடமில்லையென்று கைவிரித்த நகரம், மக்கள் குடியிருக்கும் இடத்தையே நீரேந்தும் கையாக்கிக்கொண்டது.

மின்தூக்கியைப் பற்றி ஒரு சொல். பழைய கட்டடங்களில் மின்தூக்கி எல்லா மாடியிலும் நில்லாது. மூன்று நான்கு மாடிக்கு ஒருமுறை நிற்கும். ஏனையோர் படியேறியோ இறங்கியோ தம் வீடு சேரவேண்டும். கட்டுஞ் செலவும் மின்செலவும் குறைந்தன. இருபது வயதிற் குடிபுகுந்தவருக்கு அது விளையாட்டு. அவருக்கே எழுபது வயதானபோது அப்படிகள் சிறைச்சுவராயின. 2001 இல் தொடங்கிய திட்டத்தின்கீழ் மாடிதோறும் மின்தூக்கி நிற்குமாறு பழைய கட்டடங்களைத் திருத்தினர். அதனால் மின்செலவு சற்றுக் கூடியிருத்தல் வேண்டும். கூடட்டும் என்போம். முதியவரின் முழங்காலில் மிச்சம் பிடிக்கும் மின்சாரம் ஒரு நகரத்துக்கு வேண்டியதில்லை.

இன்னுமொரு மானி உண்டு. மின்கட்டணத்தில் நிலுவை வைத்த குடித்தனங்களுக்கு முற்பணம் கட்டிப் பாவிக்கும் மானியைப் பொருத்துகின்றனர். கட்டிய பணத்தில் ஒரு பகுதி பழைய கடனுக்குப் போக, எஞ்சியதற்கு மின்சாரம் கிடைக்கும். அது தீர்ந்தால் மீண்டும் பணங்கட்டும்வரை இருள். இவ்வீட்டார் செலவைக் குறைப்பர் என்பதில் ஐயமில்லை. அதனைச் சிக்கனம் என்று புள்ளியிற் சேர்ப்பதா, வறுமை என்று சேர்ப்பதா? அங்கே வீணாகும் மின்சாரம் மனிதரின் கவனக்குறைவால் வீணாவதன்று. பழைய பெட்டியும் பழைய விளக்கும் விழுங்குவதால் வீணாவது. இதையறிந்தே 2020 இல் மூன்றறைக்கு உட்பட்ட வீடுகளுக்கு, சிக்கனமான குளிர்சாதனப் பெட்டியும் விளக்கும் தூவற்குழாயும் வாங்கப் பற்றுச்சீட்டு வழங்கத் தொடங்கினர். 2024 ஏப்பிரிலில் அது வீடமைப்புக் கழக வீடுகள் அனைத்துக்குமாக 300 டொலராக விரிந்தது. 2025 இல் மேலும் 100 டொலர் சேர்த்தனர். 2027 திசெம்பர் முடிவுவரை அது செல்லும்.